டாக்டர் ஜெசிந்தாவும் நாம் கைதூக்கிய பாலிசியும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மன்னார்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் குடலிறக்க அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்திமா சிஸ்டர் தியேட்டர் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"சார், ஜெசிந்தா மேடம் போயிட்டாங்களாம். ஓபி பாக்க எறங்கி வந்தவங்க படியிலயே உக்காந்துட்டாங்களாம். அவ்வளவுதான்."

அறுவை செய்துகொண்டிருந்தவர் நம் டாக்டர்கள் சங்க உறுப்பினர்தான். கையை எடுக்காமலே உச்சுக்கொட்டினார். "நல்ல மனுஷி. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார். அடுத்த நொடி, "சக்‌ஷன்" என்றார். ஒரு முடிச்சுப் போடும் நேரத்துக்குள் அஞ்சலி முடிந்துவிட்டது.

மதியத்துக்குள் சங்கத்தின் இரங்கல் தட்டி தயாராகிவிட்டது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று போட்டிருந்தீர்கள். எந்த இழப்புக்கு ஈடு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கற்றுக்கொடுத்ததே நாம்தான்.

இந்தச் சங்க இதழுக்கு அஞ்சலி எழுதச் சொன்ன செயலாளர், "சுருக்கமா, உருக்கமா" என்று கேட்டுக்கொண்டார். எனக்கு இரண்டும் வராது. நடந்ததை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் அங்கே இருந்தீர்கள். இருந்தும் மறந்துவிட்டீர்கள் அல்லது மறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: ஜெசிந்தா மேடம் திருத்துறைப்பூண்டியில் எட்டுப் படுக்கை வைத்து மகப்பேறு பார்த்தவர். மாடியில் வீடு, கீழே மருத்துவமனை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள்தான் அவரிடம் வருகிறவர்களில் பாதி. படித்து முடித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன்போல முதல் நாள் நான் அவர் தியேட்டருக்குள் போனேன். ஊசியைக் கையில் எடுத்தேன்.

"என்ன மருந்து, எவ்வளவுன்னு சத்தமா சொல்லிட்டுப் போடுங்க தம்பி" என்றார்.

"மேடம், அது என் வேலை."

"பொம்பளை என் நோயாளி. உங்க வேலையை அவ மேலதானே செய்றீங்க?"

அன்றிலிருந்து சத்தமாகச் சொல்லித்தான் போடுகிறேன். மற்ற தியேட்டர்களில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இனி பாலிசி விஷயம். நோயாளி வழக்குப் போட்டால் டாக்டருக்காக வழக்கை நடத்தி, தீர்ப்பானால் இழப்பீடும் கட்டுகிற காப்பீடு அது. டாக்டர்களையும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று ஆனதும் நாமெல்லாம் காப்பீடு தேட ஆரம்பித்தோம். ஐப்பசியில் ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டோம். சங்கத் தலைவரின் மைத்துனர் ஏஜென்ட்டாக வந்தார். அவரிடம் இரண்டு வகைத் தாள் இருந்தது.

முதல் வகையில், சிகிச்சை நடந்த வருடத்துப் பாலிசிதான் பொறுப்பு. வழக்கு எத்தனை வருடம் கழித்து வந்தாலும், நீங்கள் நடுவில் பாலிசியையே விட்டிருந்தாலும், அந்த வருடத்துத் தாள் உங்களுக்காகப் பேசும். இரண்டாம் வகையில், வழக்கு வந்து சேரும் நாளில் கையில் இருக்கிற பாலிசிதான் பொறுப்பு. விலை குறைவு. ஆனால் அதை ஒரு நாள்கூட விடாமல் புதுப்பித்து வரவேண்டும். விட்டால் அடுத்த தாளில் புதுத் தேதி ஒன்று அச்சாகும். அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் தொட்ட எந்த நோயாளிக்கும் காப்பு கிடையாது.

மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த இந்தக் கடைசி விஷயத்தை மைத்துனர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது என் அனுமானம். கூட்டத்தில் கேள்வி கேட்டது ஒரே ஒருவர்.

"நான் வேலையை விட்ட பெறகு யாராவது கேஸ் போட்டா, ரெண்டுல எது ஒதவும்?"

"உங்க மேல யாரு மேடம் கேஸ் போடப் போறா? கோயில் கட்டுவாங்க" என்றார் மைத்துனர்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே" என்றார். அதற்குள் கீழேயிருந்து பிரியாணி வந்துவிட்டது. மலிவான வகைக்குக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். மயக்க மருந்து இயந்திரத்தின் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று தினமும் காலையில் சோதிக்கிற நான், நாலு பக்கத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஐப்பசியில் புதுப்பிக்க வேண்டும். நம் ஊர் நிலவரம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நோயாளி கையில் காசிருக்காது. எல்லாம் வயலில் கிடக்கும். டாக்டர் பீஸும் அறுவடைக்கு அப்புறம்தான் வரும். மேட்டூர் தாமதமாகத் திறந்த வருடம் வேறு. தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார்: பாலிசியை எல்லோரும் சேர்ந்து தையில் புதுப்பித்துக்கொள்ளலாம். நாற்றங்கால் விட, கல்யாணம் வைக்க, கடன் அடைக்க நாள் பார்ப்பதுபோல இதற்கும் நாள் பார்த்தோம். மழைக்காலத்தில்தான் பாம்புக்கடி, ஜன்னி, தண்ணீர் சூழ்ந்த ஊரிலிருந்து கட்டிலில் தூக்கிவரும் பிரசவம் எல்லாம் வரும் என்பதைப் படித்த முட்டாள்கள் இருபத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. பாம்பெல்லாம் சங்கத் தீர்மானத்தை மதித்துத் தை வரை காத்திருக்கும்போல.

மேடம் தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், நடுவில் விட்டால் ஏதாவது ஆகுமா என்று. "ரேஷன் கார்டா மேடம் ரத்தாகறதுக்கு? என் மச்சான் பாத்துக்குவான்" என்று பதில். மேடம் செய்த பிழை, அந்தப் பதிலை நம்பியது.

தையில் எல்லோருக்கும் புதுத் தாள் வந்தது. புதுத் தேதியும் அச்சாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

மாசியில் முத்துப்பேட்டைப் பக்கம் மடத்து நிலத்தில் தகராறு. ஒன்றியச் செயலாளர் ஒருவர், ஆளும் கட்சிக்காரர், அந்த நிலத்தைத் தன் ஆள் பெயரில் குத்தகைக்கு எழுதி வாங்கியிருந்தார். ஏற்கெனவே சாகுபடி செய்துவந்தவர்கள் தாங்கள் விதைத்ததை அறுக்க இறங்கினார்கள். அரிவாள் வீச்சு. வெட்டுப்பட்ட நாலு பேரை மாட்டுவண்டியில் போட்டு, வழியில் முதலில் வருகிற மருத்துவமனை என்று மேடத்திடம் கொண்டுவந்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரி என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. தையல் போட்டார். காயச் சான்றில் உள்ளதை உள்ளபடி எழுதினார். அன்று சாயங்காலம் ஒரு சிசேரியனுக்காக நான் அங்கே இருந்தேன். ஒன்றியச் செயலாளர் இரண்டு காரில் வந்தார்.

"டாக்டரம்மா, பயலுவ வரப்புல வழுக்கி விழுந்துட்டானுவ. அப்படியே எழுதிக் கொடுத்துருங்க."

"வரப்புல அருவா மொளைச்சிருக்கா?"

"அம்மா, நான் மரியாதையா கேக்கறேன்."

"நானும் மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். எட்டு சென்டிமீட்டர் நீளம், எலும்பு தெரியற ஆழம். வேணும்னா நீங்களே வந்து அளந்து பாருங்க."

அவர் எழுந்தார். "ஆஸ்பத்திரி நடத்தறீங்க. கவனமா இருங்க" என்றார். காரில் ஏறினார்.

வைகாசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முந்தைய புரட்டாசியில் மேடம் கர்ப்பப்பை அகற்றிய ஒரு பெண், ஒன்றியச் செயலாளரின் உறவு. அந்த அறுவையில் சிறுநீர்க்குழாயில் காயம் பட்டது உண்மை. நல்ல கைகளிலும் நேர்வதுதான். மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்ததும் மேடம்தான், அந்தப் பெண்ணைத் தன் காரிலேயே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வைத்ததும் மேடம்தான். எட்டு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. காயச் சான்று கோர்ட்டுக்குப் போனதும் கேட்டார்கள்.

பாலிசி நிறுவனம் பதில் அனுப்பியது. அறுவை நடந்தது புரட்டாசியில், உங்கள் பாலிசியின் தேதி தையில். காப்பு இல்லை. அவ்வளவுதான் கடிதம். மேடம் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் பழைய தாளை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தார்.

"நாம கை தூக்காத அந்தத் தாள் இருந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டார்.

"பணம் வந்திருக்கும் மேடம். புரட்டாசியில பாலிசி இருந்துச்சே."

"வரிசையா உக்காந்து பிரியாணி தின்னோமே தம்பி" என்றார். அதற்குமேல் அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருக்கலாம்.

தலைவரிடம் போனோம். "இது உங்க தனிப்பட்ட விஷயம் மேடம். சங்கத்தை இதுல இழுக்காதீங்க" என்றார். இந்தக் காயம் அலட்சியத்தால் வந்ததல்ல என்று சாட்சி சொல்ல ஒரு மகப்பேறு நிபுணர் வேண்டியிருந்தது. நம் சங்கத்தில் அப்போது ஆறு பேர். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு ஒன்றியச் செயலாளரோடு பழக்கம். மற்ற மூவரும் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. ஆறு பேரும் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். மாலை பெரிதாக இருந்தது.

அந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொன்னேன். "குழாயில காயம் படாம டாக்டர் கவனமா இருந்ததைப் பார்த்தீங்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். "நான் தலைமாட்டில் இருந்தேன். அங்கிருந்து தெரியாது" என்றேன். எதிர்த்தரப்புக்கு அது போதுமானதாக இருந்தது. வெளியே வந்ததும் மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் தலையைத் தொங்கப் போடறீங்க? பாத்தேன்னு பொய் சொல்லியிருந்தா உங்களை மறுபடி என் தியேட்டருக்குள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஆனால் அந்தத் தியேட்டரே நிலைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தாவாக நாலு வருடம் ஓடி, தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. நடுவில் ஆட்சி மாறியது. ஒன்றியச் செயலாளர் கட்சி மாறினார். வழக்கில் ஒன்றும் மாறவில்லை. கட்டடத்தை விற்றுத்தான் இழப்பீட்டைக் கட்டினார். இன்று அங்கே யாருடைய ஸ்கேன் சென்டர் நடக்கிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்களே நோயாளிகளை அனுப்புகிறீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினார், மாடியில் தங்கிக்கொண்டு கீழ்த்தளத்தில் நோயாளிகளைப் பார்த்தார். சங்கத்தின் கூட்டுப் பாலிசியை விட்டுத் தனியாகப் போட்டுக்கொண்டார். முதல் வகையை அதற்குள் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கிடைத்தது இரண்டாம் வகைதான். இந்த முறை ஒவ்வொரு வரியும் படித்தார். அதில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: நாளைக்கு வழக்காகக்கூடிய ஒரு சம்பவத்தை, வழக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டால், பின்னால் எப்போது வழக்கு வந்தாலும் அந்த வருடப் பாலிசியே பொறுப்பு.

அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். ரத்தப்போக்கு நிற்கத் தாமதமான பிரசவம், தையல் பிரிந்த வயிறு, அழ நேரமெடுத்த குழந்தை, எதையும் விடவில்லை. நோயாளியிடம் முதலில் சொல்வார், அப்புறம் நிறுவனத்துக்கு எழுதுவார். சங்கத்து டீ நேரத்தில் இது பெரிய வேடிக்கை ஆயிற்று.

"அந்தம்மா மாதா கோயில்ல பண்ண வேண்டிய பாவசங்கீர்த்தனத்தை இன்சூரன்ஸ்காரன்கிட்ட பண்ணுது" என்று ஒருவர் சொல்ல, அது மேடம் காதிலேயே விழுந்தது.

"பாதர்கிட்ட சொன்னா மன்னிப்பு கிடைக்கும் டாக்டர். இவங்ககிட்ட சொன்னா பதிவு நம்பர் கிடைக்கும். எனக்கு இப்ப நம்பர்தான் வேணும்" என்றார் மேடம். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் அவர் தங்கை ரீட்டா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். வாரிசு என்று அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்திருந்தது, அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த ஒரு பிரசவத்துக்காக. அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய பூதலூர் வீடு ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். "அதுவும் போயிருமா தம்பி?" என்று கேட்டார். மேடத்தின் கோப்பைப் பிரித்தோம். அந்தப் பிரசவம் நடந்த மறுநாள் தேதியிட்டு ஒன்றரைப் பக்கம். நேரம், எடை, எங்கே தாமதமாயிற்று, தாமதம் தன்னுடையதா என்பது உட்பட. கீழே நிறுவனத்தின் முத்திரை, பதிவு எண். நான்கே நாளில் நிறுவனம் வழக்கை ஏற்றுக்கொண்டது. வீடு நிற்கிறது. இதை எந்தச் சங்கமும் செய்துகொடுக்கவில்லை.

சென்ற வாரம் ஒரு சிசேரியனில், நான் முதுகில் போட்ட மருந்து வேண்டியதற்கு மேல் ஏறிவிட்டது. அந்தப் பெண் மூச்சுவிடச் சிரமப்பட்டாள். நான்கு நிமிடம் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தேன். தாயும் பிள்ளையும் நலம். வெளியே வந்து கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அறுவை செய்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கென்னய்யா கிறுக்கா? அவங்களுக்குத் தெரியவா போவுது?"

கையை உதறிவிட்டுச் சொல்லி முடித்தேன். அன்றே நிறுவனத்துக்கும் எழுதினேன். என்ன மருந்து, எவ்வளவு, அவள் உயரத்தை நான் எப்படிக் கணக்கில் எடுக்காமல் விட்டேன் என்று. ஜெசிந்தா மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் பெரியது இது: என் தவறை, யாரும் கேட்க வருமுன், என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது. அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை கிழித்துப் போட்டேன். அவர் ஓபிக்கு நடுவில், பத்து நிமிடத்தில், அடித்தல் இல்லாமல் எழுதுவார்.