கிளிக்குத் தெரிந்த வரிகள்

எங்கள் அப்பா ஆதாரம் எழுதுகிறவர். நிலம் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவதைப் பாறசாலைப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பத்து வயதானபோது அவர் திடீரென்று ஒரு பாட்டு நாடகம் எழுதினார். முதல் பாட்டில் ராஜகுமாரி தன் அரண்மனையை அறிமுகப்படுத்துவாள். வடக்கே ஆறு, தெற்கே நந்தவனம், கிழக்கே யானைக் கொட்டில், மேற்கே பொதுவழி என்று நான்கு எல்லைகளையும் சொல்லித்தான் பாடுவாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கும் அம்மா, அந்தப் பொதுவழிக்கு மெட்டுப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று காலையில் ஆராதனை, பிறகு காணிக்கையாக வந்த காய்கனிகளின் ஏலம், மூன்று மணிக்குக் குடும்பங்களுக்கான கலைப்போட்டி. நிபந்தனை ஒன்றுதான். மேடையில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக இருக்கவேண்டும். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் குடும்பம், ஆளுக்கொரு வயலினோடு வந்து, மூன்று வருடமாகக் கோப்பையை வேறு யாருக்கும் விடவில்லை. அப்பாவின் திடீர் இலக்கியத்துக்கு அந்தக் கோப்பைதான் காரணம்.

கதை இதுதான். நூறு வருடம் தூங்கிய ராஜகுமாரி ஒருத்தி கண் விழித்துப் பார்க்கிறாள். எதிரே பாறசாலை ரயில் நிலையம். அவளுடைய நாட்டில் யாரும் பேசுவதில்லை, பாடத்தான் செய்வார்கள். யாராவது பேசினால் அது அவள் காதில் விழவே விழாது. ஆகவே டீக்கடைக்காரர் சர்க்கரை போடவா வேண்டாமா என்பதைப் பாடிக் கேட்கவேண்டும். போலீஸ்காரர் பாடி அதட்டவேண்டும். ஓர் ஆட்டோ டிரைவர், அந்தப் பக்கம் ஆட்டோ வராது என்பதைப் பாடிச் சொல்லி, அதிலேயே காதலும் கொண்டுவிடுவான். கடைசியில் ராஜா தேர் கொண்டுவந்து மகளை அழைத்துப் போய்விடுவார். டிரைவர் கையசைத்து வழியனுப்புவான்.

இந்த முடிவு அத்தைக்குப் பிடிக்கவில்லை. அப்பா மாற்றவில்லை. கதைப் புத்தகத்தில் இருந்து வந்தவள் கதைப் புத்தகத்துக்குத்தான் திரும்பிப் போகவேண்டும், இல்லாவிட்டால் அது ஆக்கிரமிப்பு என்று சொல்லிவிட்டார்.

அத்தை அப்பாவின் தங்கை. அவள்தான் ராஜகுமாரி. நாற்சந்தியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப் பேரின் ரத்தத்தை எடுத்தவள். மீதிப் பேர் அவளைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். முப்பத்துநான்கு வயதுவரை வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஒரே சொல்லில் திருப்பி அனுப்பியிருந்தாள். காரணம் யாருக்கும் தெரியாது. பெரியப்பாதான் ராஜா. இரும்புக்கடை வைத்திருந்தார், சபைச் செயலாளர். தாத்தா இறந்தபிறகு அத்தையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர் என்பதால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பெரியம்மாவுக்கு மீசை வைத்துக் காக்கிச் சட்டை போட்டு ஆட்டோ டிரைவராக்கினார்கள். குரல் அப்படி. டீக்கடைக்காரர், போலீஸ்காரர், டிக்கெட் கொடுப்பவர் எல்லாம் அப்பாவே.

ராஜகுமாரி வேஷம் எனக்குத்தான் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். எனக்குக் கிடைத்தது கிளி. ராஜகுமாரி கொண்டுவந்த கிளி. ஒரு ஸ்டூலில் ஏறி நாடகம் முழுக்க நிற்கவேண்டும். யாராவது வரியை மறந்தால் நான் அதைக் கீச்சுக்குரலில் சொல்வேன். கிளிதானே, சபையோர் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அப்பாவின் ஏற்பாடு. அப்பா நாடகத்தை எழுதிவைத்திருந்த நோட்டுப்புத்தகம் முழுவதையும் நான் மனப்பாடம் செய்தேன். அதில் ஓர் எழுத்தை யார் மாற்றினாலும் என் சொத்தில் கைவைத்ததுபோலக் கோபம் வந்தது.

ஒத்திகைக்கு மைக்கும் ஸ்பீக்கரும் கொண்டுவந்தவரை நான் மைக் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதியன்னூர்க்காரர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவருடைய மைக் செட்டுதான். மற்றவர்கள் மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ, ஒன்று இரண்டு மூன்று என்று சோதிப்பார்கள். அவர் கண்ணை மூடி ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிச் சோதிப்பார். எண்ணத் தெரியாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்குப் பேச்சு திக்கும். ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு, முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்பார். எதிரில் இருப்பவர் பொறுமையிழந்து அந்தச் சொல்லைத் தாமே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது வேறு சொல்லாக இருக்கும். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒத்திகை இல்லாத நாளில், அவர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. பெரியப்பா முன்னறையில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து கிளிமூக்குக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். மைக் அண்ணன் உட்காரவில்லை. நா, நா என்று ஆரம்பித்தார். நா என்பதிலேயே வெகுநேரம் நின்றார். பெரியப்பா நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"ஸ்பீக்கர் எடுக்க வந்தியா மக்கா? அங்ஙன மூலையில இருக்கு, எடுத்தோண்டு போ."

மைக் அண்ணன் ஆரஞ்சைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். அவர் படியிறங்கும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் இரண்டு ஆரஞ்சு தின்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள் ஒத்திகையில் அத்தையின் குரல் எழும்பவே இல்லை. கோப்பை போய்விடுமே என்று நான்தான் கவலைப்பட்டேன்.

பண்டிகை நாள் வந்தது. ஏலம் கூவுவது எப்போதும் பெரியம்மாதான். அவளுக்கு மைக் வேண்டாம். அந்த வருடம் விளைச்சல் அதிகம். வாழைக்குலை, சேனை, மரச்சீனிக்கிழங்கு, பலாப்பழம் என்று கோயில் முற்றம் நிறைந்து கிடந்தது. இதற்கிடையில் ஒரு சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அதைப் பிடிக்கச் சொல்லியும் அவள்தான் கத்தினாள். இரண்டு மணிநேரம். கடைசிப் பலாப்பழத்தைக் கூவி முடித்தபோது வாயிலிருந்து வெறும் காற்று வந்தது.

கோயில் ஹாலின் பின்னால், காக்கிச் சட்டையும் மீசையுமாகப் பெரியம்மா கைகளால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வயலின்கள் முடிந்து கைதட்டு கேட்டது. அடுத்தது நாங்கள். போட்டியிலிருந்து விலகிவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். அப்பா தன் நோட்டுப்புத்தகத்தை மூடினார். எனக்கு அழுகை வந்தது.

அம்மாதான் மைக் அண்ணனைக் கை காட்டினாள். எல்லா ஒத்திகையிலும் இருந்தவர், எல்லாப் பாட்டும் தெரியும். பெரியம்மா மேடையில் வாயை மட்டும் அசைக்கட்டும், அவர் கீழே மைக் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பாடட்டும். மேடையில் ஏறவில்லை, அதனால் நிபந்தனையும் மீறப்படாது.

"இவனா?" என்றார் பெரியப்பா. "இவன் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கியதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்திரும்."

கிரீடத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அத்தை திரும்பினாள். "அண்ணா, இந்த நாடகத்துல யாரும் பேசாண்டாம். பாடினா போதும்."

திரை விலகியது. பெரியம்மா அட்டையில் செய்த ஆட்டோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்து வாயைத் திறந்தாள். வலதுபக்கத்துப் பெட்டியின் பின்னாலிருந்து குரல் வந்தது. தெளிவான, இடறாத ஆண்குரல். மீசைக்குப் பின்னால் இருப்பது பெரியம்மா என்று தெரிந்திருந்த சபை முதலில் விழித்தது. பிறகு சிரித்தது. பிறகு யாருடைய குரல் என்று கண்டுபிடித்து எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் யாரோ, இவனுக்குத் திக்குமே என்று சொன்னது எனக்குக் கேட்டது. அன்று ஒரு சொல்லும் திக்கவில்லை. டீக்கடைப் பாட்டுக்கு விசில் பறந்தது. போலீஸ்காரர் பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னார்கள். அப்பா தொப்பி மாற்ற ஓடியதில் போலீஸ் உடையோடு டீக்கடைத் தொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் கைதட்டு. எனக்கு வேலையே இல்லை. யாரும் ஒரு வரியும் மறக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. ராஜா தேரோடு நிற்கிறார். டிரைவர் "போய் வா ராஜகுமாரி, பாதை மறந்திடாதே" என்று பாடவேண்டும். பெரியம்மா சரியாக வாயசைத்தாள். ஆனால் ஸ்பீக்கரில் வந்தது வேறு.

"போகாதே ராஜகுமாரி, பாதை மறந்துவிடு. வாசல் வந்து நின்றேன், வாய் திறக்க ஆகவில்லை. ஊரெல்லாம் கேட்கட்டும், பாட்டாகக் கேட்கிறேன். என்னோடு வருவாயோ?"

மெட்டு சரி. வரி ஒன்றுகூடச் சரியில்லை. பெரியம்மா தெரியாத வரிகளுக்கு வெற்றிலை மெல்லுவதுபோல வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் காத்திருந்த என் நேரம் வந்துவிட்டது. ஸ்டூலில் துள்ளி, இரண்டு சிறகையும் அடித்து, "தப்பு! தப்பு! போய் வா ராஜகுமாரி!" என்று கீச்சிட்டேன். ஹால் இடிந்துவிழுவதுபோலச் சிரித்தது. அவர் கேட்கவில்லை. முதலிலிருந்து அதே தப்பான வரிகளை இன்னும் சத்தமாகப் பாடினார்.

அத்தை பெரியம்மாவை விட்டுத் திரும்பினாள். மேடையின் வலது ஓரத்துக்கு, மைக் பெட்டிக்கு நேர் மேலே, நடந்து போனாள். குனிந்து அவரைப் பார்த்துப் பாடினாள்.

"மூணு வருஷம் காத்திருந்தேன், இந்த வரி கேட்பதற்கு. எந்த ஊர் என்றாலும் வருவேன் நான்."

இதுவும் நோட்டுப்புத்தகத்தில் இல்லை. "தப்பு!" என்றேன் நான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அம்மா வாசிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அவள் கன்னம் நனைந்திருந்தது. பெரியம்மா மீசையைப் பிய்த்து எடுத்தாள். இடுப்பிலிருந்து அட்டை ஆட்டோவைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய், மேடையின் ஓரத்தில், மைக் அண்ணனின் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

மிச்சம் ராஜா மட்டும்தான். பெரியப்பா பளபளக்கும் காகிதக் கிரீடத்தோடு அசையாமல் நின்றார். அவர் "மகளே, தேர் வந்திருக்கிறது" என்று பாடவேண்டும். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது என்னைப் பார்த்தார். பிறகு மைக் பெட்டியைப் பார்த்தார். அதன் பின்னால் அந்த மனிதர் எழுந்து நின்றிருந்தார். கடைசியில் தங்கையைப் பார்த்தார்.

ஏதோ சொன்னார். அத்தை திரும்பவில்லை. அவள்தான் ராஜகுமாரி ஆயிற்றே, பேசினால் அவள் காதில் விழாதே. அதுவரை ஜெபத்துக்கு ஆமென்கூட ராகமாகச் சொல்லாத பெரியப்பா தொண்டையைச் செருமினார். எந்தச் சுருதிக்கும் கட்டுப்படாத குரலில் பாடினார்.

"தேரு போகட்டு மக்கா. ஆட்டோ நிக்குதுல்லா. அதுல ஏறிக்கோ, ஏறிக்கோ."

அதன்பிறகு நடந்தது எனக்குச் சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சபையே எழுந்து நின்றது. பெஞ்சுகள் சாய்ந்தன. வயலின் குடும்பத்துத் தலைமையாசிரியர் நாற்காலியின் மேல் ஏறிக் கைதட்டினார். அத்தை மேடையிலிருந்து இறங்கி, மைக் அண்ணன் கீழே இறக்கிவைத்த அட்டை ஆட்டோவுக்குள் ஏறினாள். அவர் அதன் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஹாலின் நடுவழியாக வாசல்வரை நடந்தார்கள். வழியில் இருந்தவர்கள் ஆட்டோவின் ஹாரன்போல வாயாலேயே சத்தம் எழுப்பினார்கள்.

பரிசு அறிவிக்கும்போது ஒரு நடுவர் தயங்கினார். பாடியவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரா என்று கேட்டார். கிரீடத்தைக் கழற்ற மறந்திருந்த பெரியப்பா மைக்கைப் பிடுங்கினார்.

"குடும்பந்தான் ஆக்கும். சந்தேகம் உண்டுமானா தை மாசம் கல்யாணத்துக்கு வாங்க, இலை போட்டுச் சொல்லித்தாறேன்."

கோப்பையை நான்தான் சுமந்தேன். என் பாதி உயரம் இருந்தது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. இத்தனை பேர் இத்தனை வரிகளை மாற்றிப் பாடியும் எப்படிப் பரிசு கொடுத்தார்கள் என்று புரியவில்லை. நடுவர்களிடம் நோட்டுப்புத்தகம் இல்லை, அதனால்தான் தப்பித்தோம் என்று முடிவுகட்டினேன். அப்பாவிடம் முறையிட்டேன். ஆதாரத்தில் ஓர் அடித்தல் திருத்தலைக்கூடப் பொறுக்காத அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கிளிமூக்கைத் திருகிவிட்டுப் போனார்.

முற்றத்தில் மைக் அண்ணன் தனியாக ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிறகோடு போய் அவர் முன்னால் நின்றேன். நீங்கள்தான் முதலில் தப்பாகப் பாடினீர்கள், அதனால்தான் மற்றவர்களும் குழம்பிப்போனார்கள் என்று சொன்னேன். பரிசு கிடைத்துவிட்டதால் இந்த ஒருமுறை விடுகிறேன், அடுத்த வருடம் எழுதியதை எழுதியபடி பாடவேண்டும் என்றேன்.

அவர் ஒயரைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி என் உயரத்துக்கு வந்தார். வாயைத் திறந்தார். இ, இ என்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். செய்த குற்றத்துக்கு யோசித்துத்தான் பதில் சொல்லட்டும் என்று கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இ... இனி மா... மாத்திப் பாடமாட்டேன், கிளி."

"சத்தியமா?" என்று கேட்டேன்.

அவர் தலையாட்டினார். என் தோளுக்கு மேலாக, படியில் உட்கார்ந்து கிரீடத்தில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். நாடகத்தைப் பற்றித்தான் சத்தியம் செய்கிறார் என்று நம்பி, பெரிய மனதோடு அவரை மன்னித்தேன்.