ஹொரஸ் ட்ரோமன்ஸின் இரண்டு இருமல்கள்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இருமியவர்களில் முதலிடம் இங்கிலாந்தில் எங்கள் டிப்டன் ஊர் ஹொரஸ் ட்ரோமன்ஸுக்குத்தான். நெஞ்சு நோயில் செத்த சக்கரவர்த்திகள்கூட அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். ஞாயிறு மதியம் மதுக்கடையில் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, முஷ்டியை வாயருகே கொண்டுபோய் இரண்டு முறை இருமுவார். முதலாவது குட்டை, அடுத்தது நெட்டை. அதன் பிறகுதான் கடை வாத்தியக்காரர்களின் கிடார்.

‘ஈரச் செங்கல்’ என்ற பாட்டை எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் 1971இல் சங்கிலிப் பட்டறைக் கிடங்கில் பதிவு செய்தபோது, நிலக்கரி மூட்டை இறக்க வந்தவர் ஹொரஸ். இரண்டு கையிலும் மூட்டை. கதவைத் தட்ட முடியாமல் இருமினார். ஒலிப்பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. அன்று பகலெல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தும் முதல் தடவை வந்த வேகம் வரவில்லை. இருமலோடு சேர்த்தே இசைத்தட்டு வெளிவந்தது. இன்று பிரேசிலில் மைதானம் நிறைந்த கூட்டம் ஒன்றாக இருமிய பிறகுதான் அந்தப் பாட்டு ஆரம்பிக்கிறது. வாசித்த நாலு பேரும் வழக்குப் போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஹொரஸ் மட்டும் இன்னும் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார்: வீட்டிலிருந்து மதுக்கடை, மதுக்கடையிலிருந்து வீடு.

வேறெங்கும் இருமமாட்டார். தொண்டை அரித்தால் வெந்நீர் குடித்து அடக்கிக்கொள்வார். மார்பைச் சோதித்த மருத்துவர் ஒருமுறை இருமச் சொன்னபோது, “பாட்டுல வர்ற மாதிரியா, சும்மாவா?” என்று கேட்டிருக்கிறார். நான் ஒரு நாள் லண்டன் துரைக் குரலில் தொலைபேசியில் கூப்பிட்டு, அரண்மனை விருந்தில் இரும வர முடியுமா என்று விசாரித்தேன். கொஞ்சம் யோசித்தார்.

“நின்னுகிட்டா, உக்காந்துகிட்டா?”

போன குளிர்காலத்தில் அவர் தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். பேச்சு திரும்பியது, இருமல் திரும்பவில்லை. முயன்றால் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம். மதுக்கடைக்காரி பெரில் நல்லவள். நல்லவர்கள் செய்வதைச் செய்தாள்: இசைத்தட்டிலிருந்து இருமலை மட்டும் வெட்டி மடிக்கணினியில் ஏற்றிவைத்தாள்.

“கஷ்டப்படாத ஹொரஸ். நீ பாட்டுக்கு உக்காந்து பீரைக் குடி. பொத்தானை அமுக்குனா வந்துடும்.”

“அப்ப நான் எதுக்குடி இங்க வரணும்?” என்றார். ஒரே ஒரு ஞாயிறு தவணை கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கும் இருமல் வராவிட்டால் இனி எப்போதும் பொத்தான்தான்.

அந்த ஞாயிறு, மாட்டிறைச்சித் தட்டுகள் காலியானதும் வாத்தியக்காரர்கள் தயாரானார்கள். ஹொரஸ் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். பெரிலின் விரல் மடிக்கணினிமேல் இருந்தது. நான் அந்த நேரம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் முஷ்டியை வாயருகே கொண்டுபோனார். இருமல் வந்தது. குட்டை, பிறகு நெட்டை. கிடார் அதைப் பிடித்துக்கொண்டது. கடையே மேசையைத் தட்டியது. பெரில் மடிக்கணினியை மூடி, அதன்மேல் எச்சில் தட்டுகளை அடுக்கினாள்.

பாட்டெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் வாசலில் என்னை மடக்கினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டாவதை மூக்கால இழுத்துட்ட” என்றார்.

நான் சாப்பிட வந்தவன், எனக்கொன்றும் தெரியாது என்றேன்.

“கரி சுமந்தவன்டா நான். எனக்கு மூக்கால வராது. அடுத்த வாரம் வாயில ரொட்டிய வெச்சுகிட்டு இருமாத.”

தன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து, என் தொண்டையைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார்.