ரோஸ் வண்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்

எங்கள் தெருவில் ரோஸ் நிறத்தில் வண்டி வைத்திருந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். அது பழைய பிக்கப் வண்டி. அதற்கு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ரோஸ் இருக்கும்போது மற்ற நிறங்கள் எதற்கு என்று நினைத்திருந்த வயது. "என்னா கலர் அடிக்கலாம், பாப்பா?" என்று சித்தப்பா விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். ஆனால் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிற ஆள் இல்லை அவர். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் அவரைப் பஞ்சு மிட்டாய் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் பெண்ணாடம் ஆலைக்கு டிராக்டர் ஓட்டுவார். மற்ற மாதங்களில் ஊர்க்காரர்கள் வண்டியையெல்லாம் இலவசமாக ரிப்பேர் பார்ப்பார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மங்கலம்பேட்டையில் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வெங்காய வியாபாரி ஒருவரிடமிருந்து இந்தப் பிக்கப்பை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டிக்கொண்டு என்று சொல்வது மரியாதைக்காக. கடைசி ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

இடது பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ரேடியேட்டர் ஒழுகியது. செல்ஃப் எடுக்காது என்பதால் எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் வெங்காய வாசனை மட்டும் போகவில்லை. சித்தப்பா ஒவ்வொன்றாகச் சரி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அந்தக் கால்களிடம்தான் பேசிக்கொண்டிருப்பேன். அப்பா ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவர். கால்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "இவன் வண்டிக்கு மேல ஒக்காந்த நேரத்தவிட கீழ படுத்த நேரந்தான் ஜாஸ்தி" என்பார்.

ஓடுகிற வண்டிக்கு லோடு வேண்டும். சித்தப்பா குறி வைத்தது பீங்கான் பொம்மைகளை. எங்கள் ஊரில் அந்தத் தொழிலில் பாதி வீடுகளிலேயே நடந்துவிடும். அச்சில் களிமண் கூழை ஊற்றி, பொம்மையை எடுத்து, ஓரம் சீவி, நிழலில் காயவைப்பது வரை வீட்டில். சுடுவதற்கு மட்டும் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். சுடாத பொம்மையைப் பச்சை என்போம். பச்சையைத் தூக்கிப் போவது சாதாரண வேலை இல்லை. லேசாக அதிர்ந்தாலும் உள்ளுக்குள் விரிசல் விடும். விட்டது கண்ணுக்குத் தெரியாது. சூளையில் வெந்து வெளியே வரும்போதுதான் வாயைப் பிளந்து காட்டும். அதனால் பெண்கள் பலகையில் அடுக்கித் தலையில் சுமந்தே கொண்டுபோனார்கள்.

அப்படிச் சுமந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. பல வருடங்களாக இன்னொருவர் பட்டறையில் கூலிக்குப் பொம்மை செய்து, வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் முதல்முறையாகச் சொந்தமாக ஓர் ஆர்டர் பிடித்திருந்தாள். புதுச்சேரியில் ஒரு கடைக்கு, தும்பிக்கை தூக்கிய யானைகள் முந்நூறு. பட்டறை வேலையிலிருந்து நின்றுகொண்டு, வீட்டுப் பின்கட்டில் ஒன்றரை மாதம் யானை செய்தாள். எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் யானையாக இருந்தது. இது நல்லபடியாகப் போனால் அந்தக் கடைக்காரர் வருடம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். கூலிக்குப் போவது அதோடு நின்றுவிடும்.

"வண்டியில எடுத்துப் போறேன், அண்ணி. தலையில தூக்கித் தூக்கி ஒங்களுக்குக் கழுத்தே போயிடும்போல இருக்குது" என்று சித்தப்பா கேட்டார். அண்ணியின் யானையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஊரே அவரைக் கூப்பிடும் என்பது அவர் கணக்கு. அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

அவள் தயங்கியதிலும் நியாயம் இருந்தது. ஒரு டன் வெங்காயம் ஏற்றுவதற்காகச் செய்த வண்டி அது. பாரம் இருந்தால் அடங்கிப் போகும். பாரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். யானைகளுக்கு என்ன பாரம் இருக்கிறது? அதனால் சித்தப்பா வண்டியையே மாற்றினார். பின்பக்க ஸ்பிரிங்கில் இருந்த பட்டைகளில் மூன்றைக் கழற்றிவிட்டார். தளத்தில் ஈர மணல் மூட்டைகளைப் பரப்பினார். டயரில் காற்றைக் குறைத்தார். சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி, பலகைகள் ஊஞ்சல் மாதிரி தொங்கும்படி கட்டினார். வண்டி தூக்கிப் போடுவது உண்மையிலேயே நின்றுவிட்டது. ஆனால் இப்போது பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் அமுங்கி, எழுந்து, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. ஷாக் அப்சர்பரை மாற்றினால் அதுவும் நின்றுவிடும், கடலூரில் சொல்லியிருக்கிறது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று அவரே சொன்னார். சொன்னவருக்கு அந்த ஒரு வாரம் பொறுக்கவில்லை.

அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். வண்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சூளை வரை போய்த் திரும்பி வர வேண்டும். சிந்தாமல் வந்தால் யானைகளை ஏற்றலாம். அம்மா கண்ணாடி டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றினாள். வெறும் தண்ணீர் சரியாகத் தெரியாது என்று துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் ஒரு சொட்டு விட்டாள். பலகையில் களிமண் உருண்டையை அப்பி, அதில் டம்ளரைப் பதித்தாள். நான் பக்கத்தில் மணல் மூட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். "தொடக் கூடாது. சிந்துச்சா இல்லியான்னு மட்டும் பாரு" என்றாள். வழியில் தாகம் எடுக்கும் என்று பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலையும் அவளேதான் என் மடியில் வைத்தாள்.

போகும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை. கேட் திறந்திருந்தது. சித்தப்பா தண்டவாளத்தை மாட்டு வண்டி வேகத்தில் கடந்தார். சூளை வாசலில் இறங்கி டம்ளரைப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். முதல் லோடு இறங்கிய அன்றைக்கே வண்டி முகப்பில் என் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதிவிடுவதாகச் சொன்னார். பெயர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் திரும்பி வந்தேன்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகப் போய் முடிந்தது. கேட் தூக்கியதும் பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் நிற்கவே இல்லை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நுழைந்தன. சித்தப்பா வேறு வழியில்லாமல் வண்டியை விரட்டினார். பின்பக்கம் அமுங்கியது, எழுந்தது, இடமும் வலமுமாக ஆடியது. டம்ளரில் பாதித் தண்ணீர் வெளியே வந்து மணல் மூட்டையில் விழுந்தது. அது விழுந்த இடம் தெரியாமல் மூட்டை குடித்துவிட்டது.

"எப்பிடி இருக்குது, பாப்பா?" என்று முன்னாலிருந்து சித்தப்பா கத்தினார்.

"சிந்தல, சித்தப்பா."

பொய்தான் முதலில் வந்தது. அதற்கு ஏற்றபடி தண்ணீரைச் சரி செய்வது பிறகுதான் தோன்றியது. பாட்டிலைத் திறந்து, முன்பு இருந்த அளவுக்கு நிரப்பினேன். களிமண்ணில் வழிந்திருந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். சித்தப்பாவுக்காகச் செய்தேன் என்று பிற்பாடு பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. வெள்ளை எழுத்தில் என் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அம்மா டம்ளரைக் களிமண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் வைத்த அளவில் அப்படியே இருந்தது.

"சிந்தலியே?"

"இல்லம்மா."

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஒரு சொட்டுகூட?" என்று மறுபடி கேட்டாள்.

அத்தனை பேர் முன்னால் என்னை நம்பாமல் இரண்டாவது தடவை கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. "அதான் இல்லங்கிறேன்ல" என்றேன். அம்மா தண்ணீரைக் கனகாம்பரச் செடியில் ஊற்றினாள். "சரி, தம்பி. புதங்கிழம ஏத்திக்கலாம்" என்றாள். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். நடந்ததைச் சித்தப்பா பிறகு சொல்லித்தான் தெரியும். அம்மா பலகைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கேட்டுக்கு முன்னால் வண்டியைத் தட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். இந்த இடத்தை மட்டும் பலகை பலகையாகத் தலையில் வைத்துத் தாண்டிவிடுகிறேன் என்றாளாம். சித்தப்பாவுக்கு மனசு விட்டுப் போய்விட்டது. "அப்ப தண்ணி வெச்சிப் பாத்தது எதுக்குங்க, அண்ணி?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். அன்று சாயங்காலமே வண்டி முகப்பில் என் பெயர் வந்துவிட்டது.

சூளையைத் திறக்க ஐந்து நாள் ஆனது. அன்றைக்கு லீவு என்பதால் நானும் போயிருந்தேன். பலகை பலகையாக வெளியே வந்தன. தும்பிக்கை தனியாக, யானை தனியாக வந்தது. முழுசாக இருந்த யானைகளின் காலடியிலும் மயிரிழை மாதிரி கோடு ஓடியிருந்தது. சூளைக்காரர் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "மண்ணுல குத்தமில்லம்மா. வழியிலியே விட்டுடுச்சி" என்றார். தேறியது நாற்பதுகூட இல்லை. சித்தப்பா ஒரு தும்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணி சொன்னாங்க. நாந்தான் கேக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா, "வுடுங்க தம்பி, மண்ணுதான" என்றாள். நான் பலகைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

புதுச்சேரிக் கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை அம்மா பழைய பட்டறைக்கே கூலிக்குப் போனாள். கண் மங்கும் வரை அங்கேதான் வேலை பார்த்தாள். கடலூரிலிருந்து ஷாக் அப்சர்பர் வந்து சேர்ந்தது. சித்தப்பா அதை மாட்டினார். வண்டி அதன் பிறகு தொட்டில் மாதிரிதான் போனது. ஆனால் பச்சை ஏற்ற ஊரில் ஒருவரும் கூப்பிடவில்லை. சில மாதங்களில் வண்டியை விற்றுவிட்டு, அந்த வெங்காய வியாபாரி மூலமாகவே வளைகுடாவுக்கு டிரைவராகப் போனார். ஒரு முறை பெண்ணாடத்தில் பஸ்ஸிலிருந்து அந்த வண்டியைப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முகப்பில் என் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். வாங்கியவர் வீட்டிலும் அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்திருக்கலாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லீவில் வரும்போதெல்லாம் சித்தப்பா, "ஒரு வாரம் பொறுத்திருந்தா ஷாக்கு வந்திருக்கும், பாப்பா. எனக்குத்தான் அவசரம்" என்பார். இன்றுவரை அது தன் தவறு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சிந்தியது என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரத்தை அவர் பொறுத்தே ஆக வேண்டியிருந்திருக்கும். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஒருவருக்கும் தெரியாமல் செய்த தவறு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். போன மாதம் என் மகளின் வெள்ளைச் சட்டைக்காகக் குவளைத் தண்ணீரில் நீலம் விட்டேன். கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. மேலும் தண்ணீர் ஊற்றினேன். நிறம் பாதியாக வெளுத்தது. அன்றைக்கு டம்ளரை நிரப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அளவைச் சரியாகத்தான் நிரப்பியிருந்தேன். நிறத்தைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. வர்ணத்திலேயே வாழ்நாளைக் கழித்த அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதே தெரிந்திருக்கும். தெரிந்தும் அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒன்றரை மாத உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மறுபடி ஒரு முறை கேட்டாள்.

அவள் அதைக் கேட்டது எனக்காகத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஓடிப்போய் ரோஸ் வண்டியில் ஏறி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தேன்.