தொட்டிக்குள் ஒரு கடல்

என் மகளை மூன்று வயதில் பட்டுக்கோட்டையில் அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ஆராய்ச்சி வேலை என்று பெருமையாகச் சொன்னேன். விமானத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் ஒரு பலகை முன்னும் பின்னும் அசைந்து அலை எழுப்பும். மறுமுனையில் அலையாத்தி வேர்களைப் போல பிளாஸ்டிக் குச்சிகளை நட்டு, அலை எவ்வளவு அடங்குகிறது என்று அளப்பேன். இங்குள்ள கேரி தீவின் கரையைக் கடல் அரிக்காமல் இருக்க எத்தனை வரிசை மரம் வேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்குப் போய் கடல் தாண்டிப் போகணுமா என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அங்கே மகள் பள்ளி விட்டு வீட்டுக்கு வரும்போது இங்கே வேலை முடியும் நேரம். வீடியோவில் என் முகம் தெரிந்ததும், "அம்மா, அலை போடு" என்பாள். போடுவேன். கிள்ளானிலிருந்து வரும் ஆய்வுக்கூட உதவியாளர் அக்கா குறுக்கே வந்து கையாட்டுவார். சீன மாணவர்கள், மலாய் மாணவர்கள் எல்லாரும் அவளுக்குப் பழக்கம். "பாப்பா இன்னும் கூப்பிடலையே, மெஷின ஆஃப் பண்ணாதீங்கலா" என்று அக்காவே தடுப்பார். அலை குச்சிகளுக்குள் போய்ச் சுருண்டு அடங்குவதைப் பார்த்து அவள் கைதட்டுவாள். பிறகு நான் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறைக்குப் போவேன். பூக்கடைகளைத் தாண்டும்போது ஏதாவதொரு பிள்ளை தன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பொறாமை என்று சொல்வதுதான் சரி.

இரண்டு வருடம் கழித்து, கோடை விடுமுறைக்கு அவள் அப்பா அவளை அழைத்து வந்தார். விமான நிலையத்தில் அவர் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். "தூக்கக் கலக்கம்" என்றார். நானும் நம்பிக்கொண்டேன். இரவில் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதாள். அலையைக் காட்டினால் என்னிடம் ஒட்டிக்கொள்வாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அது ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடமே அவளுக்காகக் காத்திருந்தது. அக்கா வீட்டிலிருந்து கிழங்கு மசாலா வைத்த கறிபாப் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். "வாங்க பாப்பா, உங்கம்மா போடுற அலைய நேர்ல பாருங்க!"

நான் இயந்திரத்தை ஓடவிட்டேன். அலை அவள் மூக்குக்கு நேராகக் கண்ணாடிக்குள் உருண்டு போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போன் குடுப்பா. அம்மாகிட்ட பேசணும்."

மாணவர்கள் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மொழி புரியாதவர்களுக்கும் என் முகம் புரிந்திருக்கும். அக்கா கறிபாப் தட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

நான் தொட்டியின் மறுமுனைக்கு நடந்துபோய், அவள் அப்பாவின் போனுக்கு வீடியோவில் அழைத்தேன். திரையில் அவள் முகம் வந்தது. முந்தைய நாளிலிருந்து நான் பார்க்க ஏங்கிய முகம்.

"அம்மா!" என்று கத்தினாள். "நீ எப்பம்மா வருவே?"

"இதோ வரேன்டா" என்றேன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே, தொட்டி ஓரமாக அவளை நோக்கி நடக்க ஆரம்பித்தேன்.