மாப்பிள்ளையை இறக்காத மாமனார்

"கேட் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் காரைத் திருப்புவார் எதிர்வீட்டு கேப்டன் தேவேந்திரன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி வச்சலா "தெரியுது" என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் மழையில், "தெரியிற மாதிரிதான் கீது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மனிதர் வீட்டைத் தாண்டிப் போய் கூடுவாஞ்சேரி வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். மடியிலிருந்த இட்லி மாவு வச்சலாவின் புடவையெல்லாம் வழிந்தது.

கேப்டன் விமானம் ஓட்டுகிறவர். வானத்தில் இங்கிலீஷ், தரையில் செங்கல்பட்டுத் தமிழ். மூடுபனியில் இறங்கும்போது இருநூறு அடிக்குள் ரன்வே விளக்கு கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மூக்கைத் தூக்கி ஏறிவிட வேண்டும். அவர் இந்தச் சட்டத்தைக் காய்கறிக் கடைக்கும் கொண்டுபோவார். கத்தரிக்காயில் சந்தேகம் வந்தால் வெளியே போய், தெருமுனையிலிருந்து மறுபடி வருவார். கடைக்கார ஏசுபாதம் அதற்குள் நாலு பேருக்கு வியாபாரம் முடித்துவிடுவார்.

இவருக்குப் போய் 2003 போகியன்று சோதனை வந்தது பாருங்கள். மகள் ரோகிணிக்குத் தலைப்பொங்கல், அவள் முன்னாடியே வந்துவிட்டாள். மாப்பிள்ளை பிரவின்குமார் மும்பையிலிருந்து வருகிறார், அதுவும் மாமனார் ஓட்டும் விமானத்திலேயே. கல்யாணத்தில் காபி ஆறிப்போனதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மாப்பிள்ளை அவர். எட்டு மணிக்கு அவர் நாஸ்தாவுக்கு இலையில் உட்கார்ந்தாக வேண்டுமென்று வச்சலா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டைச் சுத்தம் பண்ணும் உற்சாகத்தில் விடியற்காலையிலேயே வச்சலா பழைய பாய்களோடு ஷெட்டில் கிடந்த இரண்டு டயர்களையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார். நானும் என் பங்குக்கு ஒரு மெத்தை கொடுத்தேன். ஊரே கொளுத்தியது. பனியும் புகையும் சேர்ந்து, எனக்கு என் வாசலே தெரியவில்லை.

மேலே இருநூறு அடியில் துணை விமானி, "ஏதோ தெரியுது சார்" என்றாராம்.

"ஏதோன்னு ஒரு லைட்டு எந்த ரன்வேலயும் கெடையாது நைனா" என்று சொல்லிவிட்டு கேப்டன் ஏறிவிட்டார். இன்னொரு முறை வந்தும் பார்த்தார், மறுபடி ஏறினார். கடைசியில் மாப்பிள்ளையையும் மற்ற நூற்றுப்பத்துப் பேரையும் பெங்களூரில் கொண்டுபோய் இறக்கினார். இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. வச்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புகை விலகி மாமனாரும் மாப்பிள்ளையும் வீடு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி. சண்டையை வேடிக்கை பார்க்கலாமென்று நானும் போயிருந்தேன். இருவருக்கும் இலை போட்டாயிற்று. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாவது இறக்கியிருக்கக் கூடாதா என்று வச்சலா ஆரம்பித்தார்.

"வேணாம் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "நானும் ஜன்னல்ல பார்த்துக்கிட்டேதான் வந்தேன். தரையே தெரியல. உள்ள வரைக்கும் டயர் நாத்தம்."

கேப்டன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "ஷெட்டுல ரெண்டு டயரு கெடந்துதே, இன்னா ஆச்சு?"

வச்சலா மாப்பிள்ளைக்கென்று எடுத்த முதல் வடையைக் கணவர் இலையில் வைத்தார். அப்புறம் இன்னொன்றும் வைத்தார்.