நான் வயசுக்கு வராத வருஷம்

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான். யார் கேட்டாலும் அப்பா சொல்வார்: "வயசுக்கு வர்ற வரைக்கும் படிக்கட்டும், யாரு வேணான்னது?" கேட்கிறவர்களுக்கு அது தாராள மனசாகத் தெரியும். அக்கா எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவில் வயசுக்கு வந்தாள். மறுநாள் அறிவியல் பரீட்சை. அதை எழுதாமல், திண்டிவனத்திலிருந்து மாமா வந்து கட்டிய தென்னை ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்துகொண்டு உளுந்தங்களி தின்றாள். சடங்கு முடிந்ததும் அப்பா அவளுடைய புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். படித்தது போதும் என்று சொல்லக்கூட இல்லை, அவ்வளவு இயல்பாக நடந்தது.

காணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போட்டிருந்தோம். நான் டவுன் பஸ்ஸில் விழுப்புரம் போய்ப் படித்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வகுப்பில் ஒவ்வொருத்தியாக மஞ்சள் பூசிய முகத்தோடு வந்தார்கள், சிலர் வராமலே போனார்கள். என் ஒல்லி உடம்பை நினைத்து அம்மா கவலைப்பட்டாள். நான் அந்த உடம்புக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

பத்தாம் வகுப்பு ஆடி மாதத்தில் அது வந்தே விட்டது. பள்ளிக்கூடத்தில், மத்தியானம். வலியைவிட முதலில் எனக்கு வந்தது ஆத்திரம். இன்னும் எட்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று என் உடம்பையே திட்டினேன். பாவாடையை முன்பக்கம் திருப்பிக் கட்டி, பையை வைத்து மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காணையில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன், பொதுத்தேர்வு முடிகிற வரைக்கும் நான் வயசுக்கு வரப்போவதில்லை.

அம்மாவை ஏமாற்றலாம், அக்காவை முடியுமா? மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக் கொட்டாயின் ஒரு ஓரத்தில் அவளுக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. கொட்டாய்க்குப் பின்னால் வைக்கோல் போரில் நான் செருகி வைத்திருந்த துணியை அவள்தான் பார்த்தாள். கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இது என்னுது இல்ல. யாருதுடி?"

நான் அழுதேன். "பரீட்ச எழுதணும்க்கா" என்றேன். அவள் துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, "வைக்கப்போர்ல எல்லாம் வைக்காத, தேளு இருக்கும். எங்கிட்ட குடு, எந்துணியோட சேர்த்து அலசிடறேன்" என்றாள். அன்றிலிருந்து அப்படியே நடந்தது. இதில் அவளுக்கு என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. பதினைந்து வயதில் நமக்கு நம்முடைய துக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

பாவம், அம்மா. நாளாக ஆக அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தெருவில் பெண்கள் ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். "வயித்துல நெருப்ப கட்டிக்கினு இருக்கேன்" என்று புலம்பினாள். வயசுக்கு வந்த பெண்ணைப் பெற்றவர்கள் சொல்கிற வார்த்தை அது. வராத பெண்ணுக்காக எங்கள் அம்மா சொன்னாள். எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை உருண்டையாக ஊட்டினாள், பப்பாளிக்காயைக் குழம்பு வைத்தாள். தை மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னைப் பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயிலில் மூச்சு வாங்க மேலே ஏறி, என் பெண் சீக்கிரம் பெரியவளாக வேண்டும் என்று கண்ணில் தண்ணீர் வர வேண்டிக்கொண்டாள். பக்கத்திலேயே நின்று, பங்குனி முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்தச் சாமி என்ன பாடுபட்டிருக்கும்!

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தீட்டு என்றால் தீட்டுதான் என்று நானும் நம்பினேன். அந்த நாட்களில் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி விளக்குப் பக்கம் போகமாட்டேன், ஊறுகாய்ப் பானையைத் தொடமாட்டேன். கோயில் வாசலைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். என் பொய்யை நான் அவ்வளவு சுத்தபத்தமாக நடத்திவந்தேன்.

பங்குனி பிறந்தது. பொதுத்தேர்வு ஆரம்பித்த வாரத்திலேயே அம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பு நின்றது. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அப்பா கழனியில் பம்புசெட்டுக் கொட்டாயோடு தங்கிவிட்டார். அக்கா அதற்கு முந்தின நாள்தான் மாட்டுக் கொட்டாய்க்குப் போயிருந்தாள். தலைக்குக் குளித்தால்தான் அவள் உள்ளே வர முடியும். அம்மை போட்ட வீட்டில் நோயாளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வேறு யாரும் தலைக்குக் குளிக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தின் கழுத்தை இன்னொரு சட்டம் பிடித்துக்கொள்ள, அக்கா மூன்று நாள் கழிந்தும் கொட்டாயிலேயே கிடந்தாள். தீட்டுக்காரியின் நிழல் பட்டால்கூட முத்து கருத்துவிடும், ஆத்தா உயிரை எடுத்துக்கொள்வாள் என்பார்கள். ஆக, அம்மாவின் பக்கத்தில் போகத் தகுதியுள்ளவள் வீட்டில் ஒருத்திதான். இன்னும் வயசுக்கு வராத நான்.

எண்ணெய் வைக்காத தலையோடு தமிழ்ப் பரீட்சையும் இங்கிலீஷ் பரீட்சையும் எழுதிவிட்டு வந்தேன். வந்ததும் இளநீர் வெட்டிக் கொடுப்பேன், கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுப்பேன், வேப்பிலைக் கொத்தால் விசிறுவேன். அம்மாவின் முகம் அடையாளமே தெரியவில்லை. கண் இமைமேல்கூட முத்து. காய்ச்சலில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை, திடீரென்று என்னென்னவோ பேசினாள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் எனக்கு வந்துவிட்டது.

கிணற்றடியில் உட்கார்ந்தேன். சொன்னால் அந்த நிமிஷமே நான் வெளியே. விஷயம் ஊருக்குத் தெரியும், கணக்கும் அறிவியலும் வரலாறும் எழுத முடியாது, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. சொல்லாமல் உள்ளே போனால் என் அம்மாவை நானே கொன்றவள் ஆவேன். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பரீட்சையா அம்மா உயிரா என்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்தது. கொட்டாய்க்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். "உள்ள போவாதடி" என்றாள். உடனேயே, "போவாம எப்பிடி?" என்று அவளே கேட்டுவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பாப்பா... தண்ணி."

நான் அறை வாசற்படி வரைக்கும் போய் நின்றேன். காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை.

"ஏண்டி நின்னுக்கினே இருக்க? தொண்ட காயுது."

"ம்மா, நான் உள்ள வரக் கூடாதும்மா."

"ஏன்?"

"வந்திருக்கும்மா எனக்கு. இன்னிக்கி இல்ல, போன ஆடியிலேர்ந்தே." தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "பரீட்ச எழுதணும்னுதாம்மா சொல்லல. உன்ன ஒன்னும் பண்ணிடக் கூடாதும்மா."

அம்மா வீங்கிய இமையைக் கஷ்டப்பட்டுப் பிரித்து என்னைப் பார்த்தாள். கோபமா, பயமா, அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"தண்ணி கேட்டா தீட்டுக் கதைய சொல்லிக்கினு நிக்கிற. உள்ள வா."

போனேன். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. குடித்து முடித்துவிட்டு, "உங்கப்பாகிட்ட ஒன்னும் சொல்லாத. போயி கணக்க படி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவளுக்கு நினைவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று அக்கா என்னை விரட்டினாள். விழுப்புரம் போய்ப் பரீட்சை அறையில் உட்கார்ந்தேன். வினாத்தாளில் இருந்த எண்கள் கண்ணில் பட்டன, மூளைக்குப் போகவில்லை. ஆத்தா, என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று மனசுக்குள் கத்திக்கொண்டே கணக்குப் போட்டேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. இறங்கினதும் எங்கள் தெருவிலிருந்து ஒப்பாரிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. அதைவிடப் பயங்கரம் வேறு இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கூழ்ச் சொம்பைத் தானே பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். முத்து கருக்கவில்லை. அவள் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். "விடுடி, எரியுது" என்றாள்.

மிச்சப் பரீட்சைகளையும் எழுதினேன். அம்மாவுக்கு மூன்று தண்ணீர் ஊற்றியானதும், அக்காவும் தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்தாள். சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, "எம்பொண்ணு பெரியவளாயிட்டா" என்று அம்மா தெருவுக்குச் சொன்னாள். பஞ்சாங்கத்தில் நல்ல நாளாகப் பார்த்து மகளை வயசுக்கு வரவைத்த தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். மாமா சீரோடு வந்தார். குச்சு கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

சடங்கு முடிந்து மாமாவைத் தவிர உறவெல்லாம் கலைந்த பிறகு, நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததே நடந்தது. அப்பா என் பையைத் தூக்கினார். பரணுக்குக் கை உயர்ந்தபோது அம்மா குறுக்கே நின்றாள்.

"அத வைங்க கீழ. அவ ப்ளஸ் ஒன் படிக்கட்டும். திண்டிவனத்துல எந்தம்பி வூட்ல இருந்து படிக்கட்டும்."

"வயசுக்கு வந்த பொண்ண ஊரு வுட்டு ஊரு அனுப்புவியா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"அவ வயசுக்கு வந்து எட்டு மாசத்துக்கு மேல ஆவுதுங்க. பஸ்ஸுல போயிக்கினும் வந்துக்கினும்தான் இருந்தா. ஊரு இன்னா இடிஞ்சா பூட்ச்சி?"

அப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை ஓங்கினார். அம்மா நகரவில்லை. தழும்பு ஆறாத அந்த முகத்தை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கடைசியாக ஒன்று கேட்டார். இன்று நினைத்தாலும் அது நியாயமான கேள்விதான்.

"பெரியவளுக்கு ஒரு நாயம், சின்னவளுக்கு ஒரு நாயமா?"

அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் அப்பாவிடம் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு செஞ்சத நாயம்னு யாருப்பா சொன்னது?"

அப்பா பையைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஆனி மாதம் மாமா என்னை அழைத்துப்போக வந்தார். அன்றைக்கு அக்கா மாட்டுக் கொட்டாயில் இருந்தாள். அவளுக்காக எந்தச் சட்டமும் மாறியிருக்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற என் எதிரில் தீட்டோடு வரக் கூடாது என்று பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கரும்புக் கழனி வைத்திருந்த ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று எனக்கு முந்தின நாள்தான் தெரியும். புதுத் தாவணியோடு நான் கொட்டாய்க்குள் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "தொடாதடி, பஸ்ஸுக்கு நேரமாச்சி, மறுபடி குளிக்கணும்" என்று தள்ளினாள். நான் விடவில்லை. அவளும் பிறகு தள்ளவில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை.