நானூறு பேருக்கு ஒரு கிலோ உப்பு

கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு நடைமுறை இருந்தது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனாலும் பின்னாளில் நான் வேலை பார்த்த அலுவலகங்களில் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்த விதிகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

சர்ச் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் ஒன்பது. ஒன்பது வீட்டிலும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் விடியற்காலையில் மைதா, சீனி, டால்டா, முட்டை சேர்த்து மாவு பிசைவார்கள். அதை மூடிபோட்ட தூக்குவாளிகளில் அடைத்து எங்கள் வீட்டில் சேர்ப்பார்கள். அப்பா அவற்றை முதல் பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டை பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வர வேண்டும். மாவை அங்கேயே பிசையலாமே என்று யாரும் கேட்டதில்லை. பேக்கரிக்காரர் நல்ல மனிதர்தான். இருந்தாலும் நல்ல மனிதரிடமும் டால்டாவைத் தனியே விடக்கூடாது என்பது பெண்களின் தீர்மானம். மாவு மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு தூக்குவாளியின் கைப்பிடியிலும் அந்தந்த வீட்டு அடையாளம் கட்டியிருக்கும். எங்களுக்கு சோடா பாட்டில் மூடி. உபதேசியார் வீட்டுக்குச் சாவி. பக்கத்து வீட்டுக்குச் சட்டைப் பொத்தான். தட்டிய மாவின் மேல் அதைப் பதித்துச் சுட வேண்டும்.

பிஸ்கட் வெறும் தின்பண்டம் இல்லை. தீபாவளிக்கு இந்து வீடுகளிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்த தட்டுகள் எங்கள் தெருவில்தான் இருக்கும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை. ஆகவே அவை இரண்டு மாதம் எங்கள் அலமாரிகளில் காத்திருந்து கிறிஸ்துமஸ் பிஸ்கட்டோடுதான் வீடு திரும்பும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் அந்த நடைமுறை முறிந்தது. மழை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து மழை விண்ணப்பத்தைப் பார்த்து வருவதில்லை. ஐப்பசி முழுக்க ஜெபம் பண்ணினோம், வரவில்லை. மார்கழியில் யாரும் கேட்காதபோது ஒரு நாள் முழுக்கக் கொட்டியது. ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் இருந்த ஓடைத் தரைப்பாலம் மூழ்கியது. முதல் பஸ் வரவில்லை. பிசைந்த மாவு ஒன்பது தூக்குவாளிகளில் எங்கள் வீட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. முட்டை ஊற்றிய மாவு மறுநாள்வரை தாங்காது.

அன்று எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது மாவு மட்டும் இல்லை. பந்தல்குடிப் பெரியவர் ஒருவரும் மாட்டிக்கொண்டார்.

அவர் வந்தது என் சித்தப்பாவைப் பார்க்க. சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். கிறிஸ்துமஸ் லீவில் வந்திருந்தார். தன் மகளை அவருக்குக் கொடுக்கலாமா என்று மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வந்தவர், முந்தின நாள் ராத்திரி நனைந்துகொண்டே வந்து, விடிந்தபோது காய்ச்சலோடு முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். தலையில் மப்ளர், மேலே இரண்டு கம்பளி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சித்தப்பா ராணுவத்தில் பிடித்தது துப்பாக்கி இல்லை, கரண்டி. பனிமலைப் பக்கம் ஏதோ ஒரு முகாமில் சமையல்காரர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. முந்தின வருடம் மல்லாங்கிணறில் பேசிய சம்பந்தம் இந்த ஒரு காரணத்தால் முறிந்திருந்தது. அடுப்பு ஊதுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று அவர்கள் சொல்லியனுப்பியதில் சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இந்த முறை பந்தல்குடிக்காரர்களிடம் அப்பா 'எல்லையில் இருக்கிறான்' என்று மட்டும் சொல்லியிருந்தார். அது பொய் இல்லை. அரைகுறையாகச் சொன்ன உண்மைக்கு அலுவலகத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

எனவே சித்தப்பாவுக்கு அப்பா போட்டிருந்த ஒரே உத்தரவு, பெரியவர் கிளம்பும் வரை அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்பது.

காலை எட்டு மணி வரை சித்தப்பா அந்த உத்தரவைக் காப்பாற்றினார். எட்டு மணிக்குக் கண்மாய்க்கரைக் குடிசைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அப்பா தலைமையாசிரியர். விடுமுறையில் பள்ளிக்கூடத்தைத் திறக்க மேலதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு முறை விதியை நினைக்காமல் சாவியை எடுத்தது அன்றுதான். குழந்தை குட்டிகளோடு நாற்பது பேர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயிலைத் தாங்கப் பழகிய உடம்புகள் அவை. அந்தக் குளிரைப் பார்த்து இமயமலைக்காரன் சிரிப்பான். எங்களுக்கு அதிலேயே பல் கிட்டியது.

சித்தப்பா பள்ளிக்கூட வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அப்பா அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகச் சொன்னார். "ஏலே, உள்ள அவுக படுத்திருக்காக. போயி பக்கத்துல உக்காந்து துப்பாக்கி பத்தி ஏதாச்சும் பேசு. போ."

"அண்ணே, நனைஞ்சு கெடக்கிற புள்ளைகளுக்குத் துப்பாக்கியக் கரைச்சா குடுக்கச் சொல்றீக?"

"ஒங்க மதினி கஞ்சி காச்சுவா."

"மதினிக்கு நாலு பேருக்குக் காச்சத் தெரியும். நாப்பது பேருக்கு?"

அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டிருக்கலாம். கோபிக்காமல் அண்டாவை எடுத்து வெளியே வைத்தாள்.

முன்னறை ஜன்னலை ஒட்டி வெளியே ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருந்தது. மழை படாத ஒரே இடம் அதுதான். அங்கேதான் அடுப்பு கூட்ட முடியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியவரின் கட்டில். அப்பா ஜன்னல் கதவைச் சாத்தப் போனார். காற்று வேண்டும், திறந்தே இருக்கட்டும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதன் பிறகு சித்தப்பா செய்ததையெல்லாம் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் பேரிடர் நிவாரணக் கூட்டங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் ஒற்றை ஆளாக, குரலை உயர்த்தாமல் நடத்தியதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. கறிக்கடையில் வாங்க ஆள் இல்லாமல் கிடந்த ஆட்டெலும்பும் காலும் வந்தன. எலும்பைத் தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றினார். கொள்ளுப் பயற்றை வறுத்து, அவித்து, மசித்தார். வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் சுட்டுக் கறுப்பாக்கி அப்படியே போட்டார். நிறத்துக்காம். பூண்டு, மிளகு, சீரகம் இடிக்கும் வேலையை மூன்று வீட்டுப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நுரையை எடுத்துக்கொண்டே இருந்தார். சூப்பு தளதளவென்று கொதிக்கவே கூடாது, லேசாகக் குமிழிவிட்டுச் சும்மா சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னார்.

சூப்பு சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட்டுக்கு வழி பண்ணினார். தன் ராணுவ டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து உடுப்புகளைப் பாயில் கொட்டினார். கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய நம்பர். அந்த நம்பரைச் சொல்லித்தான் நான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். செங்கல் மேல் பெட்டியை ஏற்றி, அடியிலும் மூடி மேலும் கருவேலங்கரியைப் போட்டு, முதலில் வெறும் பெட்டியையே ஒரு மணி நேரம் எரித்தார். பெயிண்ட் நாற்றம் போக வேண்டுமாம். நம்பர் கொப்பளித்து உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது.

"அழுவாத. நம்பரு எனக்கு மனப்பாடம்," என்றார்.

உள்ளே மணல் பரப்பினார். சூடு பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டு மூடி இருபதுவரை எண்ணினார். காகிதம் கருகியிருந்தது. கொஞ்சம் கரியைத் தள்ளினார். மறுபடி காகிதம், மறுபடி இருபது. இந்த முறை அது டீ நிறத்தில் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். சுடுவதற்குத் தட்டு? தீபாவளித் தட்டுகள்தான். ஊர்ப்பட்ட எவர்சில்வர் தட்டுகளும் வந்தன. ஒவ்வொரு வீட்டு மாவும் அந்தந்த அடையாளத்தோடு, ஒன்றோடொன்று கலக்காமல், முறை வைத்து உள்ளே போய் வந்தது. முதல் தட்டு அடி கருகியது. எங்கள் வீட்டு மாவு அது. வேண்டுமென்றே முதலில் வைத்திருந்தார். இரண்டாவது தட்டிலிருந்து வந்ததைப் பேக்கரிக்காரர் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பார்.

சூப்புக்கு உப்புப் போடும் நேரம் வந்தது. அங்கேதான் சித்தப்பா முதல் முறையாகத் தடுமாறினார். கையில் உப்பை அள்ளினார், போடவில்லை. மறுபடி அள்ளினார். என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"தாயி, நீ கணக்குல கெட்டிக்காரியாமே. நானூறு பேருக்கு ஒரு கிலோ உப்பு. நாப்பது பேருக்கு எவ்வளவு?"

வகுப்பில் கணக்குக்கு விடை சொன்னால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் விதி. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நானூறு பேருக்கு ஒரு கிலோ உப்பு. நாப்பது பேருக்கு நூறு கிராம் உப்பு."

அப்பாவுக்கு இருமல் வந்தது. ஜன்னலுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. மப்ளர் தலை ஒன்று எழும்பி வெளியே பார்த்தது.

"என்ன நானூறு?" என்று பெரியவர் கேட்டார்.

"அது வந்து… அவன் பட்டாளத்துல நானூறு பேரு," என்றார் அப்பா. "எல்லாரும் சேந்துதான் எல்லையில நிக்கிறாக."

"உப்போடயா?"

அப்பா மறுபடி இருமினார். சித்தப்பா திரும்பியே பார்க்கவில்லை. நூறு கிராம் உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கையில் கரியும் இடுப்பில் ஈரத்துண்டுமாக, ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத ஆளைப் போல நேராக முன்னறைக்குள் போனார். கிண்ணத்தைப் பெரியவரிடம் நீட்டினார்.  

பெரியவர் ஊதி ஊதிக் குடித்தார்.  குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க தம்பி."

மூன்று கிண்ணம் குடித்தார். நெற்றியில் வியர்த்தது, மப்ளரை அவிழ்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து சூப்பு வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றினார். பாலூட்டுகிறவளுக்கு அடியிலிருந்து கெட்டியாக அள்ளி ஊற்றினார். நாற்பது பேர் குடித்து முடித்தும் அண்டாவில் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. அதைத்தான் சித்தப்பா குடித்தார், நின்றபடியே. அப்பா மட்டும் இடிந்துபோய்ப் பிஸ்கட்டுகளை எண்ணுவது போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கரை வரை பஸ் வந்து நிற்கிறது என்றார்கள். தட்டுகள் பிஸ்கட்டோடு அந்தந்த வீடுகளுக்குப் போயின. எல்லாத் தட்டிலும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மழைத்தட்டு என்று பேர் வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பெரியவர் தன் வீட்டுக்குக் கொஞ்சம் பிஸ்கட் கேட்டு வாங்கிக்கொண்டார். கருகியது ஒன்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

அடுத்த வைகாசியில் பெரியவரின் மகள் சித்தியாக எங்கள் குடும்பத்துக்கு வந்தாள். கல்யாண வீட்டில் அப்பா எல்லைக் காவல் பற்றி நீளமாகப் பேசினார். பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கடைசிவரை அப்பா, தான் அவரைச் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாகவே நம்பினார். அதை யாரும் திருத்தவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் தங்கியிருப்பது கல்யாணம் இல்லை, அந்தக் காலை. ஓடை வரை பெரியவரை வழியனுப்ப அப்பாவோடு நானும் போனேன். வேட்டியை மடித்துக் கட்டி, பிஸ்கட் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தவர், திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, இங்க வா. நானூறு பேருக்கு ஒரு கிலோ உப்பு. ரெண்டே ரெண்டு பேருக்குன்னா எவ்வளவு?"

இது நேற்றைய கணக்கைவிடக் கடினம். கண்ணை மூடி, விரல் விட்டு, நானூறை இரண்டால் வகுத்து, ஆயிரத்தை அதனால் வகுத்தேன். "அஞ்சு கிராம்," என்று கத்தினேன்.

"அஞ்சு கிராம்," என்று அவரும் சொன்னார். "மறக்காம ஒங்க சித்தப்பாகிட்டச் சொல்லிரு. இனிமே அந்தக் கணக்குத்தான் வேணும்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே தண்ணீரைக் கடந்து போனார். அப்பா என் கணக்கை மெச்சுவதுபோல என் தலையில் கை வைத்தபடி நின்றார். நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். கரி படிந்த பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்த இரண்டு பேர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. விடை தப்பாகிவிட்டதோ என்று பயந்துபோய், பலகையை எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அஞ்சு கிராம்தான் வந்தது.